வங்கிக்குக் கொடுக்கும் திட்ட அறிக்கை: முதல் பக்கத்தில் என்ன எழுத வேண்டும்?

மரச்செக்கு போட, மாவு ஆலை வைக்க, மசாலா அரைத்து விற்க என்று கடன் கேட்டு வங்கிக்குப் போகும் விவசாயிகளிடம் முதலில் கேட்பது திட்ட அறிக்கை. ஆடிட்டரிடம் சொன்னால் 20, 30 பக்கத்துக்கு அச்சடித்துக் கொடுத்துவிடுவார். அதன் முதல் பக்கத்தில் இருக்கும் 'திட்டச் சுருக்கத்தை' நம்மில் பலர் படித்துக்கூடப் பார்ப்பதில்லை. கடன் பிரிவு அலுவலர் முதலில் படிப்பதோ அந்தப் பக்கத்தைத்தான். அதில் கணக்கு புரியவில்லை என்றால், மீதிப் பக்கங்களைச் சந்தேகத்தோடுதான் புரட்டுவார்.

எனவே அட்டவணைகளை ஆடிட்டர் போடட்டும். சுருக்கத்தை நீங்களே எழுதுங்கள். அல்லது நீங்கள் சொல்லச் சொல்ல வீட்டில் படித்த பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள்.

'இந்தியா ஒரு விவசாய நாடு' என்று தொடங்க வேண்டாம். வங்கி அலுவலருக்கு அது தெரியும். நீங்கள் யார், என்ன தொழில், மொத்தச் செலவு எவ்வளவு, உங்கள் கைப்பணம் எவ்வளவு, கடன் எவ்வளவு என்பது முதல் நான்கு வரிக்குள் வந்துவிட வேண்டும். கடலை எண்ணெய் மரச்செக்கு ஒன்றை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். இப்படித் தொடங்கலாம்:

"நான் 15 ஆண்டுகளாக நிலக்கடலை சாகுபடி செய்கிறேன். சொந்த இடத்தில் இரண்டு மரச்செக்கு கொண்ட எண்ணெய் ஆலை அமைக்க உள்ளேன். இயந்திரம், கொட்டகை உட்பட மொத்தச் செலவு ரூ.10 லட்சம். இதில் என் பங்கு ரூ.1 லட்சம், கேட்கும் கடன் ரூ.9 லட்சம். 5 ஆண்டுகளில் திருப்பிச் செலுத்துவேன்."

அடுத்தது மானியம். பலர் தடுமாறுவது இங்கேதான். பிரதமரின் உணவுப் பதப்படுத்தும் குறு நிறுவனங்கள் திட்டத்தில், தகுதியான செலவில் 35 சதவீதம், அதிகபட்சம் ரூ.10 லட்சம் வரை மானியம் உண்டு. குறைந்தது 10 சதவீதம் நம் பங்காக இருக்க வேண்டும். ஆனால் மானியத் தொகை நம் கைக்கு வராது. கடன் கொடுத்த வங்கியிலேயே இருப்பில் நிற்கும். தவணை தவறாமல், ஆலையும் ஓடிக்கொண்டிருந்தால், மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு கடனில் கழிப்பார்கள். ஆகவே 'மானியத்தில் இயந்திரம் வாங்குவேன்' என்று எழுதினால் திட்டமே புரியாமல் வந்திருக்கிறார் என்றுதான் நினைப்பார்கள். மானியம் இல்லாமலே தவணை கட்ட முடியும் என்று காட்டுங்கள். விண்ணப்பிக்கும் முன், திட்டம் இப்போது நடைமுறையில் உள்ளதா, நிதி உள்ளதா என்று மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி மாதக் கணக்கு. கீழே உள்ள விலைகள் உதாரணத்துக்கு மட்டும். உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். தினம் 100 கிலோ பருப்பு வீதம் 25 நாள் ஆட்டினால் 2,500 கிலோ. கிலோ ரூ.110 என்றால் பருப்புச் செலவு ரூ.2,75,000. கிடைக்கும் எண்ணெய் ஏறக்குறைய 1,000 கிலோ, அதாவது 1,100 லிட்டர், லிட்டர் ரூ.260 வீதம் ரூ.2,86,000. புண்ணாக்கு 1,400 கிலோ, ரூ.45 வீதம் ரூ.63,000. ஆள்கூலி, மின்சாரம், பாட்டில், வண்டிச் செலவு ரூ.40,000. மிச்சம் ரூ.34,000. வட்டி 11 சதவீதம் என்றால் 9 லட்சத்துக்கு ஐந்தாண்டுத் தவணை மாதம் சுமார் ரூ.20,000. 'மாதம் ரூ.34,000 மிச்சம், தவணை ரூ.20,000' என்ற ஒரே வரி பத்துப் பக்க விளக்கத்துக்குச் சமம்.

இதே கணக்கில் பருப்பு விலை கிலோவுக்குப் பத்து ரூபாய் ஏறினால் என்ன ஆகும்? செலவு ரூ.25,000 கூடி, மிச்சம் வெறும் ரூ.9,000 ஆகிவிடும். தவணைக்கே பாதி காணாது. இதை மறைக்காதீர்கள். கடலை விலை ஏறி இறங்கும் என்பது அலுவலருக்கும் தெரியும். நீங்கள் யோசித்து வைத்திருக்கிறீர்களா என்றுதான் பார்ப்பார். 'விலை ஏறினால் எண்ணெயில் லிட்டருக்கு ரூ.10 ஏற்றுவேன், ரூ.11,000 திரும்பி வரும்; மாலை நேரத்தில் அக்கம்பக்கத்தார் பருப்பைக் கூலிக்கு ஆட்டிக் கொடுப்பேன்' என்று இரண்டு வரி எழுதுங்கள். கூலிக்கு ஆட்டுவதில் பருப்பு விலை நம்மைத் தொடாது. சுருக்கத்தில் இதுதான் மிக முக்கியமான பகுதி என்பது என் கருத்து. வங்கிக்காக மட்டுமல்ல. இந்த இரண்டு வரி எழுத வரவில்லை என்றால், கடனை வாங்கும் முன் நாமே இன்னொரு தடவை யோசிக்க வேண்டும்.

இன்னொன்று, பருப்பு வாங்கும் பணம். மேலே சொன்ன ரூ.10 லட்சத்தில் அது இல்லை. மாதம் ரூ.2,75,000-க்குச் சரக்கு எடுக்க வேண்டும். கடைக்காரர்கள் எண்ணெய்க்குப் பணம் தர ஒரு மாதம் இழுத்தால் கையில் காசு இருக்காது. செக்கு வாங்கிப் போட்டுவிட்டுப் பருப்புக்குப் பணம் இல்லாமல் ஆலையைப் பூட்டி வைக்கும் நிலை இப்படித்தான் வருகிறது. அந்தப் பணம் சொந்தக் கடலையா, சேமிப்பா, தனியாக நடைமுறை மூலதனக் கடனா என்பதைச் சுருக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். கடனாக வாங்கினால் அதன் வட்டியையும் மாதச் செலவில் சேருங்கள்.

யாரிடம் விற்பீர்கள் என்பதற்கு 'நல்ல வரவேற்பு உள்ளது' என்று எழுதினால் போதாது. எந்தக் கடை, எந்தச் சந்தை, மாதம் எத்தனை லிட்டர் என்று எழுதுங்கள்.

சுருக்கம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். முழு அறிக்கையும் தயாரான பிறகு கடைசியாக எழுதுங்கள். அதில் உள்ள இயந்திர விலையும், கம்பெனி கொடுத்த கொட்டேஷனில் உள்ள விலையும், உள்ளே ஆடிட்டர் போட்ட அட்டவணையும் ஒன்றாக இருக்கிறதா என்று சரிபார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.