இராவிக் கரையின் பழம்பதிகள்: சம்பாப் பள்ளத்தாக்கில் வரலாற்றுப் பயணம்

இமயமலையின் மேற்குப் பகுதியில், தௌலாதார் மலைத்தொடருக்கும் பீர்பாஞ்சால் மலைத்தொடருக்கும் இடையே இராவி ஆறு பாயும் நிலப்பகுதி சம்பா எனப்படும். இன்று அது இமாசலப் பிரதேச மாநிலத்தின் ஒரு மாவட்டம். 1948ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் அம்மாநிலத்தோடு இணைக்கப்படும்வரை, ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகத் தனியரசாக விளங்கியது. இங்குச் செல்லும் பயணிகளுள் பெரும்பாலோர் தல்ஹௌசியில் தங்கி, கஜ்ஜியார்ப் புல்வெளியைக் கண்டு, படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகின்றனர். தல்ஹௌசி, 1850களில் ஆங்கிலேயர் சம்பா அரசரிடமிருந்து ஐந்து குன்றுகளைப் பெற்று, தம்மவர் உடல்தேறுவதற்காக அமைத்துக்கொண்ட மலைவாழிடம். சிறுவனாக இருந்த இரவீந்திரநாத் தாகூர் 1873இல் தம் தந்தையாரோடு வந்து தங்கிய ஊர் என்னும் சிறப்பும் அதற்கு உண்டு. எனினும், தல்ஹௌசியை மட்டும் கண்டு திரும்புவது, ஒரு நூலின் பின்னிணைப்பைப் படித்துவிட்டு நூலை மூடி வைப்பதற்கு ஒப்பாகும்.

சம்பா என்றவுடன், தென்கிழக்காசிய வரலாறு பயின்ற நம் ஆசிரியர்களுக்கு இன்றைய வியட்நாமில் விளங்கிய சம்பா அரசு நினைவிற்கு வரலாம். பண்டைய அங்க நாட்டின் தலைநகரும் அப்பெயர் பெற்றதே. இம்மூன்றும் வெவ்வேறு இடங்கள். காசுமீர வரலாறு கூறும் இராசதரங்கிணியில், 1087-88ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் காசுமீர அரசவைக்கு வந்த மலைநாட்டு மன்னருள் ஒருவனாகச் சம்பாவின் ஆசடன் குறிக்கப்படுகின்றான். அவனுடைய நாடே இங்குப் பேசப்படுவது.

இந்நாட்டின் தனிச்சிறப்பு அதன் வரலாற்றுச் சான்றுகளின் தொன்மை மட்டுமன்று. அச்சான்றுகளுள் பல, செய்யப்பட்ட இடத்திலேயே, செய்யப்பட்ட நோக்கத்திற்காகவே இன்றும் பயன்பட்டு வருகின்றன என்பதே பெரிது. ஏறத்தாழ 1,300 ஆண்டுகளுக்கு முன் வார்க்கப்பட்ட படிமத்திற்கு இன்று காலையிலும் மலர் சூட்டியிருப்பார்கள். ஒல்லாந்து நாட்டு அறிஞர் ஃபோகல், இந்தியத் தொல்லியல் துறையில் பணியாற்றிய காலத்தில் இப்பள்ளத்தாக்கின் கல்வெட்டுகளையும் படிமங்களையும் ஆராய்ந்து, 1911இல் சம்பா நாட்டுத் தொன்மைகள் பற்றிய தம் பெருநூலின் முதற்பகுதியை வெளியிட்டார். அதன் இரண்டாம் பகுதி, சாப்ரா என்னும் அறிஞரின் உழைப்பால் 1957இல்தான் வெளிவந்தது. இவ்விரு பகுதிகளையும் வைத்துக்கொண்டு இன்றும் ஊர் ஊராகச் செல்லலாம். ஆனால், ஒரு வேண்டுகோள். சாலை நம்மைக் கொண்டுசெல்லும் வரிசையில் இவ்வூர்களைக் காணாமல், அவை தோன்றிய வரிசையில் காண முயல வேண்டும். அதாவது, முதலில் மேலே ஏறிப் பின்னர்க் கீழே இறங்க வேண்டும்.

பிரமபுரம்

சம்பா நகரிலிருந்து தென்கிழக்கே அறுபது கிலோமீட்டருக்கும் சற்று மிகுந்த தொலைவில், கடல்மட்டத்திற்கு மேல் 2,100 மீட்டர் அளவு உயரத்தில் பர்மோர் என்னும் சிற்றூர் உள்ளது. செப்பேடுகள் இதனைப் பிரமபுரம் என்று குறிக்கும். நாட்டின் முதல் தலைநகர் இதுவே. கத்தி எனப்படும் ஆட்டிடையர் இனத்தாரின் தாயகமும் இதுதான். குளிர்காலத்தில் தம் மந்தைகளோடு தாழ்நிலங்களுக்கு இறங்கி, வேனிலில் மீண்டும் உயரப் புல்வெளிகளுக்கு ஏறுவது அவர்தம் வாழ்க்கை முறை.

ஊரின் நடுவே சௌராசி எனப்படும் கோயில் வளாகம் அமைந்துள்ளது. சௌராசி என்பதற்கு எண்பத்து நான்கு என்பது பொருள். எண்பத்து நான்கு சித்தர்கள் இங்கு வந்து தங்கினர் என்பது ஊர்மரபு. சித்தரைப் பதினெண்மர் என எண்ணிப் பழகிய நமக்கு இவ்வெண்ணிக்கை புதுமையாகத் தோன்றினும், வடநாட்டுச் சித்தர் மரபில் இதுவே வழக்கமான எண்.

வளாகத்தில் உயர்ந்து நிற்பது மணிமகேசர் கோயிலின் கற்சிகரம். பயணிகளின் கண் அங்கேயே சென்று நிற்கும். அதனருகே, வெளித்தோற்றத்தில் ஒரு குடியானவர் வீடு போன்றிருக்கும் இலட்சணா தேவி கோயிலைப் பலர் நின்று பாராமலே கடந்துவிடுகின்றனர். மண்ணும் கல்லும் மரமும் கலந்து கட்டிய எளிய சுவர், சரிந்த கூரை. ஆனால், வாயிலை நெருங்கினால் அதன் முகப்பு முழுவதும் நுண்ணிய மரச்சிற்பமாக இருப்பது புலப்படும். உள்ளே தூண்களும் விதானமும் அவ்வாறே. மேற்கூரையும் புறச்சுவரும் காலந்தோறும் புதுப்பிக்கப்பட்டு வந்துள்ளன. அவை மூடிக் காத்தமையால் உள்ளிருக்கும் மரவேலை கி.பி. 700ஐ ஒட்டிய காலத்திலிருந்து நிலைத்துள்ளது. பனி பொழியும் நாட்டில் மரம் இத்துணைக் காலம் நிலைத்தது வியப்பே.

கருவறையில் எருமை அரக்கனைக் காலால் மிதித்து, அவன் வாலைப் பற்றித் தூக்கி நிற்கும் தேவியின் பித்தளைப் படிமம் உள்ளது. அதன் பீடத்தில் பொறிக்கப்பட்ட எழுத்துகளே இப்பள்ளத்தாக்கின் வரலாற்றுக்கு அடிப்படை. மேருவர்மன் என்னும் மன்னன் செய்வித்தான் என்றும், குக்கா என்னும் கைவினைஞன் செய்தான் என்றும் அது கூறுகின்றது. அதே வளாகத்திலுள்ள கணேசர் படிமத்திலும், மணிமகேசர் கோயிலின் முன்னுள்ள நந்தியிலும் மேருவர்மனின் பொறிப்புகள் உள்ளன. மன்னனின் முன்னோராக ஆதித்தவர்மன், பலவர்மன், திவாகரவர்மன் ஆகியோர் பெயர்களையும் இப்பொறிப்புகளால் அறிகின்றோம். இவற்றின் வடமொழி இலக்கணப் பிழைகள் மலிந்தது. அரசவைப் புலவன் அருகில் இல்லாத ஒரு மலையூரில், பட்டறையில் நின்றபடியே எழுதப்பட்டவை போலும்!

நான்காவது பொறிப்பு பர்மோரில் இல்லை. சம்பாவுக்கும் பர்மோருக்கும் இடையே, பெருஞ்சாலையிலிருந்து விலகி மேலேறினால் சத்ராரி என்னும் ஊர் வரும். அங்குள்ள மரக்கோயிலில் வேல், தாமரை, மணி, பாம்பு ஆகியவற்றை நான்கு கைகளில் ஏந்தி மெலிந்துயர்ந்து நிற்கும் சக்திதேவியும் குக்காவின் படைப்பே. மன்னனுக்கு அடுத்துக் கைவினைஞனின் பெயரும் கடவுளின் காலடியில் இடம்பெற்றிருப்பது எண்ணத்தக்கது. தஞ்சைப் பெருங்கோயிலைக் கட்டிய குஞ்சரமல்லன் இராசராசப் பெருந்தச்சனின் பெயரைக் கல்வெட்டில் கண்டு மகிழும் நாம், அவனுக்கு முந்நூறு ஆண்டு முற்பட்ட இம்மலைநாட்டுக் கலைஞனையும் அறிந்திருத்தல் தகும். ஒருவன் கைப்பட்ட படைப்புகள் அவன் பெயரோடு, ஒரு நாள் பயணத்தில் காணத்தக்க இரண்டு ஊர்களில், வழிபாட்டிலேயே இருப்பது அரிதினும் அரிது.

சம்பா நகரம்

கி.பி. பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சாகிலவர்மன் என்னும் மன்னன் தலைநகரைக் கீழே கொண்டுவந்தான். இராவியும் சால் என்னும் சிற்றாறும் கூடுமிடத்திற்கு மேலே, ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில் அமைந்த ஒரு மேடையான நிலத்தை அவன் தேர்ந்தெடுத்தான். மகள் சம்பாவதியின் விருப்பத்தினால் இவ்விடம் தேர்ந்தெடுக்கப்பட்டது என்றும், நகரின் பெயர் அவளுடையதே என்றும் மரபு கூறும். பர்மோரைக் கண்டபின் இங்கு வருவோர்க்கு மாற்றம் உடனே விளங்கும். மேலே மரம், இங்குக் கல். இலட்சுமி நாராயணர் வளாகத்தில் திருமாலுக்கு மூன்றும் சிவனுக்கு மூன்றுமாக ஆறு கற்கோயில்கள் வரிசையாக நிற்கின்றன. சமவெளியின் சிகர அமைப்பு மலைக்கு ஏறி வந்துவிட்டது. ஆயினும், மலை தன் நிபந்தனையை விதித்தது. சிகரத்தின் உச்சியில் பனியையும் மழையையும் தடுக்க மரத்தாலான குடைபோன்ற கூரைகள் பொருத்தப்பட்டுள்ளன. 1678இல் கோயில்களை இடிக்குமாறு ஔரங்கசீப் ஆணையிட்டபோது, மன்னன் சத்தர்சிங் அதற்கு மாறாகக் கோயில்களுக்குப் பொன்முலாம் பூசிய கலசங்களை ஏற்றினான் என்று சம்பா வரலாறு பெருமையுடன் பேசும்.

நகரின் நடுவே சௌகான் என்னும் நீண்ட புல்வெளி. ஆடித் திங்களில் இங்கு நடைபெறும் மிஞ்சர் விழாவில், மக்காச்சோளப் பூங்கொத்தைக் குறிக்கும் பட்டுக் குஞ்சத்தை இறைவனுக்குச் சாத்தி, பின்னர் இராவியில் விடுவர். அக்குஞ்சத்தை வழிவழியாகச் செய்தளித்து வருபவர் நகரின் ஒரு முஸ்லிம் குடும்பத்தார். இந்நகரப் பெண்டிரின் கைவண்ணமான சம்பா உருமால் என்னும் பூவேலைத் துணியும் புகழ்பெற்றது. முன்புறம், பின்புறம் என்ற வேறுபாடின்றி இருபுறமும் ஒரே ஓவியம் தோன்றுமாறு முறுக்காத பட்டிழையால் தைக்கப்படுவது அது.

நீரும் கல்லும்

சம்பாவின் வரலாற்றை மன்னர் பட்டியலாகப் படிப்பதினும் நீரின் வழியே படிப்பது பயன்மிக்கது என்பது நம் கருத்து. இரண்டு ஆறுகள் கீழே பாய, மேட்டில் அமைந்த நகருக்குக் குடிநீர் இல்லை. மலைச்சரிவிலிருந்து கால்வாய் வெட்டியும் நீர் வரவில்லை. அரச குடும்பத்தில் ஒருவர் உயிர்ப்பலி தரவேண்டும் என்று கூறப்பட, சாகிலவர்மனின் அரசியே முன்வந்து உயிருடன் புதைக்கப்பட்டாள். நீர் பெருகியது என்பர். சூயி மாதா என்று வணங்கப்படும் அவ்வரசிக்கு ஆண்டுதோறும் பங்குனியின் பிற்பகுதியில் எடுக்கப்படும் விழா பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் உரியது. கதையை வரலாறாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆயினும், ஒரு நகரம் தன் நீரின் விலையை ஒரு பெண்ணின் உயிரால் அளந்து, ஆயிரம் ஆண்டுகளாகப் பாடி வருகின்றது என்பது வரலாறுதான்.

நகருக்கு வெளியே, குறிப்பாகச் சூரா, பாங்கி ஆகிய பகுதிகளில், ஊற்றுகளின் வாயில் நிறுத்தப்பட்ட சிற்பப் பலகைக் கற்கள் காணப்பட்டன. கல்வெட்டுகளில் இவை வருணதேவன் என்றே குறிக்கப்படுகின்றன. சிற்றூர்த் தலைவர்கள் இறந்த தம் உறவினரின் நற்கதிக்காக இவற்றை எழுப்பினர். பாம்பணையில் பள்ளிகொண்ட திருமால், ஆற்றுத் தெய்வங்கள், குதிரை வீரர் ஆகிய உருவங்கள் சூழ, நடுவிலுள்ள துளைவழியே நீர் விழும். நம் நடுகல்லையும் தண்ணீர்ப் பந்தல் அறத்தையும் ஒருங்கே நினைவூட்டும் மரபு இது. பாங்கியிலுள்ள சால்கி ஊர்க் கல் கி.பி. 1170ஐச் சார்ந்தது. இவற்றுள் பல இன்று சம்பா நகரின் பூரிசிங் அருங்காட்சியகத்தில் உள்ளன. மன்னர் பூரிசிங் அளித்த குடும்ப ஓவியங்களைக் கொண்டு 1908ஆம் ஆண்டு செப்டம்பர் 14ஆம் நாள் தொடங்கப்பெற்ற நிறுவனம் அது. செப்பேடுகளும் அங்கு உள. பிற்காலச் செப்பேடுகளில் வடமொழியோடு சம்பியாலி என்னும் நாட்டு மொழியும் கலந்து வருவதை, வடமொழிப் பகுதியும் தமிழ்ப் பகுதியும் கொண்ட நம் ஆனைமங்கலச் செப்பேடுகளோடு ஒப்பிட்டு மாணவர்க்குக் காட்டலாம்.

இங்கு ஒரு வினா எழுகின்றது. ஊற்றிலிருந்து பெயர்த்தெடுத்த கல் காப்பாற்றப்பட்டதா, இழக்கப்பட்டதா? குழாய் வந்தபின் ஊற்றை நாடுவோர் குறைந்தனர். கவனிப்பாரற்ற கல் உடையும், களவும் போகும். ஹரிராய் கோயிலின் திருமால் படிமம் 1971இல் களவாடப்பட்டு மீட்கப்பட்டதை நகரம் மறக்கவில்லை. இரங்கமகால் அரண்மனையின் சுவரோவியங்களுள் ஒரு பகுதி புதுதில்லி தேசிய அருங்காட்சியகத்திற்குச் சென்றுவிட்டது. ஓவியம் பிழைத்தது, அறை வெறுமையாயிற்று. நீர்விழாத வருணதேவன் காட்சிக்கூடத்தில் ஒரு பலகைக்கல் மட்டுமே. ஆயினும், பெயர்த்தவர்களைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. வழிபாடு தொடரும் இடத்தில் பொருள் அங்கேயே இருக்கட்டும், வழிபாடு அற்ற இடத்தில் அருங்காட்சியகமே புகல் என்று கொள்வதைத் தவிர வேறு வழி தோன்றவில்லை.

மாற்றம் இப்பொழுது விரைந்து வருகின்றது. இராவியில் சமேரா நீர்மின் திட்டங்கள் மூன்று கட்டங்களாக, 540, 300, 231 மெகாவாட் திறனுடையவையாக, 1994க்கும் 2012க்கும் இடையில் செயற்பாட்டிற்கு வந்தன. பர்மோர்ச் சாலை அகன்றது; மணிமகேச ஏரிக்குச் செல்லும் அடியார் கூட்டமும் பெருகியது. 2025 ஆகஸ்டுப் பெருமழையில் அச்சாலை பல இடங்களில் அடித்துச் செல்லப்பட, அடியார் பல்லாயிரவர் மேலே சிக்கிக்கொண்டனர். ஆகவே, மாணவரை அழைத்துச் செல்ல விழையும் ஆசிரியர்கள் மழைக்காலத்தைத் தவிர்த்தல் வேண்டும். மழை ஓய்ந்த செப்டம்பர் இறுதியும் அக்டோபரும் ஏற்றவை. பதான்கோட்டிலிருந்து சம்பா ஏறத்தாழ 120 கிலோமீட்டர். முதல் நாள் சம்பாவில் தங்கினாலும், எதையும் பாராமல் மறுநாள் காலையிலேயே பர்மோருக்கு ஏறிவிடுதல் நன்று. சத்ராரியை இறங்கும் வழியில் காணலாம்.

நகருக்கு மீண்டபின் ஒரு முழுநாளை ஒரே ஒரு கல்வெட்டிற்காக ஒதுக்கலாம். சால் ஆற்றுப் பள்ளத்தாக்கின் சராகன் என்னும் ஊரில் கிடைத்த பத்தாம் நூற்றாண்டுக் கல்வெட்டு அது. சாத்தியகி என்னும் தலைவன், தன் மனைவி சோமப்பிரபையின் அழகைச் செய்யுட்களில் பாடி, அவளுக்கும் மலைமகளுக்கும் நட்பு நிலைபெறும் பொருட்டுச் சிவனுக்குக் கோயில் எடுத்ததாக அதில் கூறுகின்றான். கல் இப்போது அருங்காட்சியகத்தில் உள்ளது. அது குறிக்கும் கோயில் அருகிலுள்ள சாகோ ஊரின் சந்திரசேகரர் கோயில் என்று கருதப்படுகின்றது. காலையில் கல்லின் செய்யுட்களை மாணவரைக் கொண்டு படிக்கச் செய்து, பிற்பகலில் சாகோ சென்றால், கதிர் சாய்வதற்குள் சோமப்பிரபைக்காக எழுந்த வாயிலில் நிற்கலாம்.