எபிசோட் 31: பைக்கில் ஒரு பக் – ஏறும்போது செத்துப்போன மோட்டார்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)

போன எபிசோட்ல என் எலக்ட்ரிக் மவுண்டன் பைக் ரிப்பேர் ஆன கதையை ரெண்டே நிமிஷம்தான் சொன்னேன். "முழுசா சொல்லுங்க"ன்னு நிறைய பேர் மெசேஜ் போட்டீங்க. அதனால இன்னைக்கு முழு எபிசோடும் அதுதான்.

புதுசா கேட்கிறவங்களுக்கு: நான் இருக்கிறது ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டில். வேலை சாஃப்ட்வேர். இந்த ஊர் ஒரு கிண்ணம் மாதிரி. நடுவில் நகரம், சுற்றிலும் சரிவும் காடும். இங்கே வந்த முதல் குளிர்காலத்தில் ஆபீஸ், ரூம், ஆபீஸ் என்றே போனது. அந்த நிலையிலிருந்து என்னை வெளியே இழுத்தது இந்த பைக்தான். சேமிப்பில் பெரிய பகுதியைப் போட்டு வாங்கினேன். வாரண்டி இரண்டு வருஷம். முடிந்து நாலே மாசத்தில் பிரச்சினை ஆரம்பித்தது.

இது எப்படி ஓடுகிறது?

ஃபுல் சஸ்பென்ஷன் என்றால் முன்னாடி ஃபோர்க், பின்னாடி ஷாக், இரண்டுமே உண்டு. பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் பகுதி ஃபிரேமோடு ஒட்டியிருக்காது. கதவுக்குக் கீல் மாதிரி, பிவட் வழியாக மேலும் கீழும் அசையும். இந்த 'அசையும்' என்ற வார்த்தையை ஞாபகம் வெச்சுக்கோங்க.

மோட்டார் பெடல் இருக்கும் இடத்தில் இருக்கிறது. அது மூன்று விஷயத்தைக் கவனிக்கும்: எவ்வளவு அழுத்தி மிதிக்கிறோம், எவ்வளவு வேகமா மிதிக்கிறோம், வண்டி எவ்வளவு வேகமா போகுது. கடைசி விஷயத்துக்குப் பின் சக்கரத்தில் ஒரு குட்டிக் காந்தம், பக்கத்தில் ஒரு சென்சார்.

இந்த வேக சென்சார் ஏன் முக்கியம்? ஐரோப்பியச் சட்டப்படி, மோட்டாரின் தொடர் சக்தி 250 வாட்டுக்குள் இருந்து, மணிக்கு 25 கிலோமீட்டரில் உதவி நின்றுவிட்டால்தான் அது சைக்கிள் கணக்கில் வரும். அதனால வேகம் தெரியலைன்னா கன்ட்ரோலர் உதவியை நிறுத்திவிடும். நம்ம பாஷையில் சொன்னா, இன்புட் வேலிடேஷன் ஃபெயில்.

பிரச்சினை

அக்டோபரில் ஒரு நாள் ஏற்றத்தில் மோட்டார் நின்றது. திரையில் எர்ரர். ஆஃப் பண்ணி ஆன் பண்ணேன், ஓடியது. அடுத்த வாரம் திரும்ப வந்தது. மோட்டார் இல்லாமல் 24 கிலோ வண்டியை மிதித்து ஏற்றிப் பார்த்தால்தான் அந்தக் கஷ்டம் புரியும்.

கடையில் பத்து நிமிஷம் பார்த்துவிட்டு, "மோட்டார் மாத்தணும், சுமார் 900 யூரோ" என்றார்கள். அப்பாவோட அறுபதாம் கல்யாணத்துக்கு ஊருக்கு வர டிக்கெட் எடுக்க வைத்திருந்த பணம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். "யோசிச்சுச் சொல்றேன்"னு வண்டியைத் தள்ளிக்கிட்டு வந்துட்டேன்.

நான் செய்த தப்பு

முதல் வேலையாக பேட்டரி கனெக்டரைத் துடைத்தேன், காந்தத்தையும் நேராக்கினேன். ரெண்டையும் ஒரே நாளில். ரெண்டு ரைடு எந்தத் தொந்தரவும் இல்லை. சரியாயிடுச்சுன்னு நண்பனிடம் பெருமையாச் சொன்னேன்.

டிசம்பர் ஞாயிறு, அவனோடு காட்டுக்குள் போனேன். திரும்பும்போது மோட்டார் நின்றது. இந்த முறை ரீஸ்டார்ட் பண்ணியும் வரலை. இங்கே டிசம்பரில் நாலரை மணிக்கே சூரியன் மறைந்துவிடும். ஆறு கிலோமீட்டர் இருட்டில் தள்ளினோம். அவன் திட்டவே இல்லை. அதுதான் இன்னும் சங்கடம்.

அன்று இரவுதான் உறைத்தது: நல்லா ஓடிய அந்த ரெண்டு ரைடும் சமமான பாதையில் போனவை. நான் எதையும் சரிசெய்யவில்லை, சோதிக்கவும் இல்லை.

ஒழுங்கா டீபக் பண்ணது

அப்புறம் நோட்டில் எழுத ஆரம்பித்தேன்: எந்தப் பாதை, எவ்வளவு குளிர், அதற்கு முன் என்ன செய்தேன். இங்கே ஒரு விஷயம் உதவியது. இந்த மாநிலத்தின் வனச் சட்டப்படி இரண்டு மீட்டருக்குக் குறைந்த அகலமுள்ள காட்டுப் பாதையில் பொதுவாக சைக்கிள் ஓட்டக் கூடாது. அதனால ஏறுவது அகலமான ஜல்லிப் பாதையில். இறங்குவது டெகர்லோக்கில் மவுண்டன் பைக்குக்கென்றே அமைத்த ட்ராக்கில். நோட்டைப் பார்த்தால், ஒவ்வொரு முறையும் எர்ரர் வந்தது ட்ராக்கில் இறங்கி முடித்த பிறகு வந்த ஏற்றத்தில்தான். எர்ரர் தெரிகிற இடம் வேறு, உண்டாகிற இடம் வேறு!

இறங்கும்போது என்ன நடக்கிறது? சஸ்பென்ஷன் முழுசா அமுங்குது. அதை வீட்டிலேயே செய்து பார்த்தேன். பேட்டரியைக் கழற்றி, பின் ஷாக்கின் காற்றை இறக்கி, சீட்டை அழுத்தினேன். வேக சென்சாரின் கேபிள் மோட்டாரிலிருந்து பிவட் பக்கமாகத்தான் பின்னால் போகிறது. முழுசா அமுங்கினதும் அது வீணைத் தந்தி மாதிரி விறைத்தது. பிவட்டில் உரசி மேலுறை கிழிந்திருந்தது.

உறுதிப்படுத்த ஒரு சோதனை. பேட்டரியைப் போட்டு, ஸ்டாண்டில் மாட்டி, பின் சக்கரத்தைக் கையால் சுற்றினேன். திரையில் வேகம் வந்தது. நண்பன் சஸ்பென்ஷனை அமுக்கிப் பிடித்தான், மறுபடி சுற்றினேன். பூஜ்யம். விட்டான், வேகம் வந்தது. உள்ளே ஒடிந்த கம்பி சில நேரம் ஒட்டும், சில நேரம் விலகும். அவ்வளவுதான் விஷயம்.

புது கேபிள், மோட்டார் கவரைத் திறக்க வேறொரு மெக்கானிக்கின் கூலி, எல்லாம் சேர்த்து 85 யூரோ. இந்த முறை பிவட் பக்கத்தில் கொஞ்சம் தளர்வு விட்டு ஓட்டினோம்.

மூல காரணத்தில் என் பங்கும் உண்டு. ஷாக்கில் காற்று குறைவாக இருந்தது. அதனால அடிக்கடி அடிவரை அமுங்கியது. நீங்க உட்கார்ந்ததும் ஷாக் அது நகரக்கூடிய தூரத்தில் 25 முதல் 30 சதவீதம் அமுங்கினால் சரி. ஷாக் 55 மில்லிமீட்டர் நகரும் என்றால், 30 சதவீதம் 16.5 மில்லிமீட்டர். ஷாக்கில் இருக்கும் ரப்பர் வளையம் அளந்து காட்டிடும். பையையும் மாட்டிக்கிட்டு அளங்க.

நீங்களும் வைத்திருந்தால்

கிரீச் சத்தம்: எழுந்து நின்று மிதியுங்கள். சத்தம் நின்றால் சீட் போஸ்ட். மிதிக்கும்போது மட்டும் வந்தால் பெடல், கிராங்க் பக்கம். மிதிக்காமல் சீட்டை அழுத்தினாலே வந்தால் பிவட் போல்ட், ஷாக் புஷ். போல்ட்டை டார்க் ரெஞ்சால் மட்டும் முடுக்குங்கள்.

ரேஞ்ச்: ஆளும் வண்டியும் சேர்ந்து 100 கிலோ என்றால், 1000 மீட்டர் உயரம் ஏற சுமார் 272 வாட்-ஹவர் வேண்டும். மோட்டாரின் இழப்பு, தரையின் உராய்வு தனி. உங்கள் கால் கொடுப்பது கழிவு. அதனால கிலோமீட்டரை விட ஏறும் உயரத்தைப் பாருங்க.

பேட்டரி: குளிரில் ரேஞ்ச் குறையும். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் போடாதீங்க. மாசக்கணக்கில் வைக்கணும்னா பாதி சார்ஜில் வைங்க. திறந்து பார்க்கும் ஆசை மட்டும் வேண்டவே வேண்டாம், மற்றதெல்லாம் நோண்டலாம்.

ஒரு நேயர் கேட்டிருந்தார்: "ஊருக்கு வரும்போது விமானத்தில் கொண்டு வரலாமா?" முடியாது. பயணிகள் 160 வாட்-ஹவருக்கு மேலுள்ள லித்தியம் பேட்டரியை எடுத்துப்போக முடியாது. இந்த பைக்குகளில் வருவது பெரும்பாலும் 400-க்கு மேல்.

பைக் வரலை, ஆனா நான் வந்தேன். அறுபதாம் கல்யாணத்தில் அப்பா பக்கத்தில் நின்னு எடுத்த போட்டோ இப்போ என் மேஜையில், அந்தக் கிழிந்த கேபிளுக்குப் பக்கத்தில் இருக்கு. யாராவது "மொத்தமா மாத்திடுங்க"ன்னு சொன்னா, ஒரு வாரம் டைம் கேட்டு, நோட்டு எடுத்து எழுதுங்க. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாத்துங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம். பார்த்து ஓட்டுங்க!