இலத்தீன் தேர்வும் மதிப்பெண்ணும்

அமெரிக்காவில் மாணவர்கள் உயர்நிலைப் பள்ளியில் இருந்தபடியே கல்லூரித் தரத்துப் பாடம் பயின்று எழுதும் தேர்வுகள் உண்டு. ‘அட்வான்ஸ்டு பிளேஸ்மெண்ட்’ என்பது அவற்றின் பெயர். நடத்துவது காலேஜ் போர்டு என்னும் அமைப்பு. மதிப்பெண் 1 முதல் 5 வரை. 3 பெற்றால் தேறியதாகக் கொள்வர். அத்தேர்வுகளுள் இலத்தீனும் ஒன்று.

இலத்தீன் எழுதுவோரில் பாதிக்கு மேற்பட்டோர் தேறிவிடுகின்றனர். ஆனால் முழு மதிப்பெண்ணாகிய 5 பெறுவோர் 100-க்கு ஏறக்குறைய 12 அல்லது 13 பேரே. சீன மொழித் தேர்விலோ ஏறத்தாழப் பாதிப் பேர் 5 பெறுகின்றனர். அப்படியானால் இலத்தீன் மாணவர்கள் சோம்பேறிகளா? அவர்தம் ஆசிரியர்கள் திறமற்றவர்களா?

அவசரப்பட வேண்டா. அளவைப் பார்க்குமுன், அளக்கப்பட்டவர் யாரென்று பார்க்க வேண்டும். சீனத் தேர்வு எழுதுவோரில் பலர் வீட்டில் அம்மொழியைக் கேட்டு வளர்ந்தவர்கள். இதனை உணர்ந்தே காலேஜ் போர்டும், பெரும்பாலும் வகுப்பில் மட்டுமே அம்மொழியைக் கற்றவர்க்குத் தனிக் கணக்கு வெளியிட்டு வந்துள்ளது. அதில் 5 பெறுவோர் பங்கு வெகுவாகக் குறைகிறது. இலத்தீனைத் தாய்மடியில் கற்பவர் இன்று எவருமிலர். ஆகவே அதன் மதிப்பெண் வகுப்பறை உழைப்பின் விளைவே.

பாடமும் எளிதன்று. 2013 முதல் 2025 வரை வெர்ஜிலின் ஈனெய்டு காவியத்திலிருந்தும், சீசர் எழுதிய காலியப் போர் வரலாற்றிலிருந்தும் பகுதிகள் வைக்கப்பட்டன. 2025–26 கல்வியாண்டில் சீசருக்குப் பதிலாக இளைய பிளினியின் கடிதங்கள் வந்தன. வெர்ஜிலின் செய்யுளில் பெயர் ஓரிடத்தும் அதன் அடைமொழி வேறிடத்தும் நிற்கும். சொல்லின் ஈற்றைக் கண்டு, நாம் கொண்டுகூட்டுவதுபோல் கூட்டிப் பொருள் காண வேண்டும். 2025 வரை, மொழிபெயர்ப்பு விடை ஒவ்வொன்றையும் 15 சிறு கூறுகளாகப் பிரித்துத் திருத்தினர். ஒரு கூற்றில் காலமோ வேற்றுமையோ பிழைத்தால் அதற்குரிய புள்ளி போயிற்று. குத்துமதிப்பாகக் கருத்தைச் சொல்லித் தப்ப வழியில்லை.

நண்பர்களே, இதில் நமக்கும் ஒரு செய்தி உண்டு. ஊர்ப்பள்ளியில் தமிழ் பயின்று இங்கு வந்தவரும் நம்மிடையே உள்ளனர். வேற்று மாநிலத்தில் பிறந்து, இப்போதுதான் எழுத்துக்கூட்டிப் படிப்பவரும் உள்ளனர். இருவர் தமிழையும் ஒரே தராசில் இட்டு நகைப்பது முறையாகுமா? ஒருவர் எங்கு நிற்கிறார் என்று பார்க்கும்போது, எங்கிருந்து புறப்பட்டார் என்பதையும் சேர்த்துப் பார்ப்போம்.