பாடமா, பாட்டா?

நம் சங்கக் குடும்பங்களில் பலர் பிள்ளைகளைப் பியானோ, கீபோர்டு வகுப்புக்கு அனுப்புகிறோம். பெற்றோர் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான்: "பாடத்தை வாசி என்றால் சினிமாப் பாட்டை வாசித்துப் போனில் பதிவு செய்கிறான். போதாக்குறைக்குச் சொந்த மெட்டு வேறு!"

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் என் மகனிடம் நானும் இதையே சொன்னேன். விதிப்புத்தகம் படித்துத் தேறிய பிறகே வேலையில் கை வைக்க வேண்டும் என்பது ரயில்வேப் பழக்கம். இசையும் அப்படியே என்று எண்ணி, "முதலில் பரீட்சை, பிறகு பாட்டு" என்று கண்டித்தேன். அவன் இரண்டையும் விட்டான். கீபோர்டு பரண் ஏறியது.

ஆனால் பெரிய கலைஞர்கள் வந்த வழி வேறு. நாம் வாழும் திருவனந்தபுரத்தையே பார்ப்போம். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு, சுவாதித் திருநாள் மகாராஜாவின் அவையில் விளங்கியவர். மேல்நாட்டு வாத்தியமான வயலினில் நம் பாட்டை வாசித்துக் காட்டினார். 1834ல் மகாராஜா அவருக்குத் தந்த வயலின் ஒன்றைப் பரிசளித்தார்.

1968ல் சென்னை வந்த இளையராஜா, தன்ராஜ் மாஸ்டரிடம் மேல்நாட்டு இசை பயின்றார். அதே காலத்தில் ஜி.கே.வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தார். ஓய்வு நேரத்தில் வாத்தியக்காரர்களை வேண்டி, தாம் எழுதிய இசையை வாசிக்கச் சொல்லிக் கேட்பாராம். 1976ல் 'அன்னக்கிளி' வந்தது. அதே மாஸ்டரிடம் பயின்ற ஏ.ஆர்.ரஹ்மான், மலையாளப் படங்களுக்கு இசையமைத்த ஆர்.கே.சேகரின் மகன். சிறு வயதிலேயே பிறர் இசையில் கீபோர்டு வாசித்தார். விளம்பரங்களுக்குச் சொந்த மெட்டுப் போட்டார். 1992ல் 'ரோஜா' வந்தது. இருவருக்கும் பாடம், பிறர் பாட்டு, சொந்தப் பாட்டு மூன்றும் கூடவே நடந்தன.

ஓய்வுக்குப் பின் பேத்தியோடு நானும் கற்க உட்கார்ந்தேன். நாங்கள் செய்யும் முறை இது.

முதலில் பிடித்த பாட்டு ஒன்றின் மெட்டை ஒரு விரலால் தேடுவோம். ஒரு கட்டை சுருதியில் வெள்ளைக் கட்டைகளை மட்டும் வரிசையாக வாசித்தால் சங்கராபரணம். மத்யமத்தை மட்டும் அடுத்த கறுப்புக் கட்டைக்கு மாற்றினால் கல்யாணி. மூன்று கறுப்புக் கட்டைகள் சேர்ந்திருக்கும் இடத்தில் முதலாவதை ஸட்ஜமாக வைத்துக் கறுப்பை மட்டும் வாசித்தால் மோகனம்! மெட்டு வந்ததும் இடக்கையில் ஸ, க, ப மூன்றையும் சேர்த்து அழுத்திப் பார்ப்போம். எங்கே பொருந்தவில்லை என்று காது சொல்லும்.

அடுத்தது பதிவு. தண்டவாளத்தைப் பார்வையிட டிராலியில் போவோம். நின்று பார்த்தால் தெரியாத பள்ளம், டிராலி குலுங்கும்போது தெரிந்துவிடும். பதிவும் அப்படித்தான். வாசிக்கும்போது சரியாகத் தோன்றிய தாளம், மறுநாள் கேட்டால் கடினமான இடங்களில் தடுமாறுவது தெரியும். அந்த இடத்தை மெதுவாகப் பத்து முறை வாசிப்போம்.

கடைசியில், அதே இடக்கை வாசிப்பின் மேல் வேறொரு மெட்டைப் போடுவது. நான்கு வரி போதும். நன்றாக இல்லாவிட்டால் குற்றமில்லை.

இதனால் ஆசிரியர் வேண்டாம் என்று பொருளல்ல. தவறாகப் பழகிய விரலைத் திருத்துவது கடினம். அதை ஆசிரியரே கண்டுபிடிப்பார். பியானோவில் ஸ்வரத்தை வளைக்க முடியாததால் கமகம் வராது. அதைப் பாடித்தான் கற்க வேண்டும். எனவே அரை மணி பாடம், அரை மணி பாட்டு என்று பிரித்துக்கொண்டோம். பாட்டுக்காகவே பேத்தி பாடத்தையும் முடிக்கிறாள்.

சென்ற மாதம் அவள் தன் சொந்த மெட்டைப் பதிவு செய்து அப்பாவிடம் போட்டுக் காட்டினாள். அவன் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, பரணிலிருந்து பழைய கீபோர்டை இறக்கித் தூசி தட்டினான். மூன்று கட்டைகள் ஒலிக்கவில்லை. மற்றவற்றில் வாசிக்கிறான். நான் ஒன்றும் சொல்வதில்லை.