செம்புராங்கல் எவ்வளவு தாங்கும்?

புதுக்கோட்டை மாவட்டத்தில் கந்தர்வகோட்டை, ஆலங்குடிப் பக்கம் நிலத்தைத் தோண்டினால் பல இடங்களில் செம்புராங்கல் தட்டுப்படும். வெட்டும்போது இளக்கமாக இருக்கும். காற்றும் வெயிலும் பட்டால் இறுகிவிடும். கேரளத்தின் அங்காடிப்புரத்தில் இவ்வகைக் கல்லைக் கண்ட பிரான்சிஸ் புக்கானன், 1807-இல் வெளிவந்த தன் பயண நூலில் அதற்கு லேட்டரைட் என்று பெயரிட்டார்.

வெப்பமும் மழையும் மாறி மாறித் தாக்க, பாறையிலுள்ள சிலிக்கா கரைந்து போகிறது. இரும்பும் அலுமினியமும் தங்கிவிடுகின்றன. அதனால்தான் செந்நிறமும் உடலெங்கும் துளைகளும். மேலே கெட்டியான ஓடு, அதன் கீழே துளைகள் மலிந்த அடுக்கு, அதற்கும் கீழே களிமண் என ஆழத்துக்கு ஆழம் குணம் மாறுகிறது.

கட்டுமானத்துக்கான செம்புராங்கல் குறைந்தது 3.5 மெகாபாஸ்கல் அழுத்தம் தாங்க வேண்டும் என்கிறது இந்தியத் தரநிர்ணயம் (ஐஎஸ் 3620). அதாவது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 35 கிலோ. 39 செ.மீ. நீளமும் 19 செ.மீ. அகலமும் கொண்ட கல்லின் மேல் ஏறக்குறைய 26 டன்! நல்ல கருங்கல்லோ 100 மெகாபாஸ்கலையும் தாண்டும். ஆனால், ஒரே குழியில் அடுத்தடுத்து வெட்டிய இரண்டு செம்புராங்கற்களே வெவ்வேறு சுமையில் நொறுங்குவது உண்டு. ஏன்?

பாதி விடையை 1898-இலேயே ஜெர்மானியப் பொறியாளர் கிர்ஷ் கணக்கிட்டுவிட்டார். வட்டத் துளையுள்ள தட்டை மேலிருந்து அமுக்கினால், துளையின் பக்கவாட்டில் அழுத்தம் மூன்று மடங்காகிறது. துளையின் உச்சியிலும் அடியிலும் நேர்மாறாக இழுவிசை பிறக்கிறது. அமுக்கத்தைத் தாங்கும் கல், இழுவைக்குச் சட்டென விட்டுக்கொடுக்கும். விரிசல் அங்கேதான் தொடங்குகிறது.

ஆனால், ஒழுங்கற்ற ஆயிரம் துளைகளைக் காகிதத்தில் கணக்கிட முடியாது. இங்கேதான் கணினி வருகிறது. 1970-களில் பீட்டர் கண்டல் உருவாக்கிய தனித்துகள் முறையில், பாறையைப் பசையால் ஒட்டிய ஏராளமான துகள்களாகக் கணினிக்குள் கட்டுகிறார்கள். சுமையைச் சிறிது சிறிதாக ஏற்றினால் எந்த ஒட்டு முதலில் அறுகிறது, விரிசல் எந்தத் துளையை நோக்கி ஓடுகிறது என்று படிப்படியாகப் பார்க்கலாம். மொத்தத் துளையளவு ஒன்றாகவே இருந்தாலும், துளைகள் நெருங்கி வரிசையாக அமைந்த கல்லில் விரிசல்கள் எளிதில் கைகோத்துவிடும்; சிதறிய துளைகளுள்ள கல் கூடுதல் சுமை தாங்கும்.

அடுக்குகளின் சாய்வும் முக்கியம். படுக்கையாக இருக்கும் அடுக்குகளை மேலிருந்து அமுக்கினால், இளகிய அடுக்கு பக்கவாட்டில் பிதுங்கி, ஒட்டியிருக்கும் கெட்டி அடுக்கையும் இழுத்துப் பிளக்கப் பார்க்கும். அதைவிட ஆபத்து, சுமையின் திசைக்குச் சுமார் 30 பாகை சாய்ந்த அடுக்கு: கல் நொறுங்கும் முன்பே அதன் வழியே வழுக்கிவிடும். அடுக்குள்ள கல்லை அதன் இயற்கைப் படுக்கைப்படியே சுவரில் வைக்கும் கொத்தனார் மரபுக்கு இப்படியும் ஓர் அறிவியல் விளக்கம் உண்டு.

கணினி தானாக எதையும் அறியாது. துகள்களின் ஒட்டுவலு எவ்வளவு என்பதை, அந்தந்த ஊர்க் கல்லையே உலர்ந்தும் நனைந்தும் அமுக்கிப் பார்த்துத்தான் சொல்லித்தர வேண்டும். துளையிலுள்ள களிமண் நனைந்தால் பலம் குறையும். மலபார்க் கல்லுக்குப் பொருத்திய மாதிரியைக் கந்தர்வகோட்டைக் கல்லுக்கு அப்படியே நம்ப முடியாது. அந்தந்த ஊர்க் கல்லோடு மாதிரியைச் சரிபார்த்துவிட்டால், பழைய கட்டடத்தைப் பெயர்க்காமல், சிறு துண்டின் எக்ஸ்-கதிர் முப்பரிமாணப் படத்தைக் கொண்டே அதன் தாங்குதிறனை மதிப்பிடலாம்.