பி.ஏ. படித்து என்ன கிழிக்கப் போகிறான்?

சென்ற வாரம் பெரம்பூர்ப் பக்கம் ஒரு சங்க அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தேன். முப்பது ஆண்டுகளாக ஃபிட்டர் வேலை பார்த்துக் கை காய்த்துப்போன தோழர் ஒருவர் உள்ளே வந்தார். முகத்தில் மகிழ்ச்சியும் இருந்தது, கலக்கமும் இருந்தது. மகன் பிளஸ் டூ தேறிவிட்டான், நல்ல மார்க். ஆனால் பையன் எஞ்சினீயரிங் வேண்டாம், ஐ.டி.ஐ.யும் வேண்டாம், அரசுக் கலைக் கல்லூரியில் பொருளாதாரம்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறானாம்.

"எதிர்வீட்டுக்காரர் சிரிக்கிறார் தோழர். பி.ஏ. படித்து என்ன கிழிக்கப் போகிறான் என்று கேட்கிறார். என்னிடம் பதில் இல்லை. நீங்கள் சொல்லுங்கள்" என்றார்.

அவருக்கு மட்டும் சொல்லிவிட்டு விட்டுவிடக்கூடிய பதில் அல்ல அது. அந்தக் கேள்வி இன்று ஒவ்வொரு தொழிலாளி வீட்டுத் திண்ணையிலும் உட்கார்ந்திருக்கிறது. மருத்துவம் கிடைக்காதவன், எஞ்சினீயரிங்குக்குப் பணம் கட்ட வழியில்லாதவன், வேறு போக்கிடம் இல்லாதவன் போய் ஒதுங்கும் சத்திரமாகக் கலைக் கல்லூரியைச் சிலர் பேசுகிறார்கள். வரலாறா? செத்துப்போன ராஜாக்களின் கதை! அரசியலா? மேடை ஏறுகிறவனுக்கு! பொருளாதாரமா? பணம் வைத்திருப்பவனுக்கு! இப்படிப் பேசுகிறவர்களைப் பார்த்துக் கோபப்பட்டுப் பயன் இல்லை. நமக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன், கேளுங்கள்.

338 எப்படி 118 ஆயிற்று?

பஞ்சப்படி எதை வைத்துக் கணக்கிடப்படுகிறது என்பது உங்களுக்குத் தெரியும். தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீட்டெண். புள்ளி ஏறினால் படி ஏறும். 2020 ஆகஸ்டு மாதம் அகில இந்தியக் குறியீடு 338. அடுத்த மாதமான செப்டம்பருக்கு வெளிவந்த எண் 118.1! அரிசி விலை குறையவில்லை, பருப்பு விலை குறையவில்லை, வாடகை குறையவில்லை. ஆனால் எண் மட்டும் மலையிலிருந்து மடுவுக்கு இறங்கிவிட்டது. எங்கள் ஆட்கள் திகைத்துப் போனார்கள். "புள்ளி இறங்கிவிட்டது, பார்த்தீர்களா" என்று நிர்வாகத் தரப்பில் ஒருவர் கண் சிமிட்டியதாகவும் சொன்னார்கள். வேடிக்கைக்குத்தான் சொல்லியிருப்பார் என்று வைத்துக்கொள்வோம்.

அன்று சங்க அறையில் கரும்பலகையில் எழுதி எங்களுக்குப் புரிய வைத்தவர் ஒரு நெசவாளியின் மகள். அரசுக் கல்லூரியில் பொருளாதாரம் படித்தவர். அவர் சொன்னதைச் சுருக்கிச் சொல்கிறேன். முன்பு 2001ஆம் ஆண்டு விலையை 100 என்று வைத்துக் கணக்கிட்டார்கள். இப்போது 2016ஆம் ஆண்டு விலையை 100 என்று வைத்துவிட்டார்கள். அளவுகோல் மாறியதே தவிர விலை மாறவில்லை. புதிய எண்ணை 2.88 ஆல் பெருக்கினால் பழைய கணக்கு வந்துவிடும். 118.1ஐப் பெருக்கிப் பாருங்கள், 340 வரும். ஆக, புள்ளி இறங்கவில்லை, இரண்டு ஏறியிருக்கிறது! அகில இந்திய எண்ணுக்குத்தான் 2.88. சென்னைக்கு, கோவைக்கு, மதுரைக்கு என்று ஊர்க் குறியீட்டை வைத்து ஒப்பந்தம் போட்டவர்கள் அந்தந்த ஊருக்குரிய எண்ணால் பெருக்க வேண்டும்.

அதோடு அந்தப் பெண் நிறுத்தவில்லை. "இன்னொன்றையும் பாருங்கள் அண்ணே" என்றார். தொழிலாளி குடும்பம் நூறு ரூபாய் செலவு செய்தால் அதில் சாப்பாட்டுக்கு எவ்வளவு என்று ஒரு பங்கு போட்டுக்கொண்டுதான் குறியீட்டைக் கணக்கிடுகிறார்கள். பழைய வரிசையில் உணவின் பங்கு 46.2. புதிய வரிசையில் 39.17. செலவு முறை மாறிவிட்டது, பள்ளிக்கூடம், மருத்துவம், போக்குவரத்து என்று மற்றவை கூடிவிட்டன என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். இருக்கலாம். ஆனால் விளைவு என்ன? வெங்காயமும் தக்காளியும் எண்ணெயும் விலை ஏறும்போது முன்பு எண் துள்ளிய அளவுக்கு இப்போது துள்ளாது. எந்தக் குடும்பத்தைக் கேட்டுப் பங்கு போட்டார்கள், எந்தக் கடையில் விலை எடுத்தார்கள் என்று கேட்கத் தெரிந்தவன் நம் பக்கத்தில் இருக்க வேண்டாமா?

இது புதிய கதையும் அல்ல. 1963இல் பம்பாய்த் தொழிலாளர்கள் விலைக் குறியீடு பொய் சொல்கிறது என்று கிளர்ந்தெழுந்தார்கள். கடைத்தெருவில் ஒரு விலை, சர்க்கார் காகிதத்தில் ஒரு விலை! மகாராஷ்டிர அரசு நிபுணர் குழு அமைக்க வேண்டி வந்தது. அதற்குத் தலைவர் பம்பாய்ப் பல்கலைக் கழகப் பொருளாதாரப் பேராசிரியர் லக்டாவாலா. குறியீடு உண்மை விலையைக் குறைத்துக் காட்டியிருக்கிறது என்று அந்தக் குழுவே கண்டு சொன்னது. ஆலை வாயிலில் எழுந்த முழக்கம் பாதி வேலையைச் செய்தது. மீதி வேலையைச் செய்தது கணக்கு. எண்ணை எண்ணால்தான் மடக்க முடிந்தது.

பாடத்துக்காக ஒரு வேலைநிறுத்தம்

கூலிக்காக, போனசுக்காக வேலைநிறுத்தம் செய்திருக்கிறோம். பாடத்துக்காக வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்களைப் பற்றிக் கேள்விப்பட்டதுண்டா? இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு நகரில் 1899இல் தொழிலாளர்கள் படிப்பதற்கென்றே ரஸ்கின் கல்லூரி தொடங்கப்பட்டது. சுரங்கத்திலிருந்தும் ரயில்வேயிலிருந்தும் சங்கங்கள் அனுப்பிய ஆட்கள் அங்கே வந்து படித்தார்கள். கல்லூரியைப் பல்கலைக் கழகத்தோடு நெருக்கமாக்க வேண்டும் என்று சிலர் முனைந்தபோது மாணவர்களுக்குச் சந்தேகம் வந்தது. கனவான்களின் பொருளாதாரத்தை நமக்கு ஊட்டி, நம்மை நம் ஆட்களிடமிருந்து பிரித்துவிடுவார்களோ என்று. தங்கள் பக்கம் நின்ற கல்லூரித் தலைவர் டென்னிஸ் ஹேர்டு நீக்கப்பட்டதும், 1909இல் வகுப்புகளைப் புறக்கணித்தார்கள். பிரிந்து வந்து மத்தியத் தொழிலாளர் கல்லூரி என்று தனியாக ஒன்று கண்டார்கள்.

அந்தக் கல்லூரியில் 1919இல் வந்து சேர்ந்தவர்களில் ஒருவர் அனூரின் பெவன். வேல்ஸ் நாட்டுக்காரர். 13 வயதில் நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கியவர். சுரங்கத் தொழிலாளர் சங்கம் பணம் கொடுத்துப் படிக்க அனுப்பியது. பொருளாதாரமும் வரலாறும் படித்துவிட்டு ஊர் திரும்பியவருக்கு உடனே மாலை மரியாதை கிடைத்துவிடவில்லை, வேலையில்லாமல் அலைந்தார். ஆனால் 1945இல் சுகாதார அமைச்சரானார். 1948 ஜூலை 5 அன்று பிரிட்டனில் எல்லாருக்கும் இலவச மருத்துவம் என்ற தேசியச் சுகாதாரத் திட்டம் நடைமுறைக்கு வந்தபோது அதைக் கொண்டுவந்தவர் அவர். டாக்டருக்குப் படித்தவர் அல்ல! ஆயிரமாயிரம் டாக்டர்களை ஏழையின் படுக்கை அருகே கொண்டுவந்து நிறுத்திய சுரங்கக் கூலி.

நம் நாட்டில் மட்டும் என்ன? 1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் அமெரிக்காவுக்குக் கப்பலேறிய அம்பேத்கர், கொலம்பியா பல்கலைக் கழகத்தில் படித்தது பொருளாதாரம், வரலாறு, சமூகவியல், மானிடவியல். 1916இல் மானிடவியல் வகுப்பில் அவர் வாசித்த கட்டுரை சாதியின் தோற்றம் பற்றியது. வார வேலை நேரத்தை 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைத்த தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் 1946இல் வந்ததே, அப்போது வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை அவர் கையில் இருந்தது. காஞ்சிபுரத்து நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அண்ணா பச்சையப்பன் கல்லூரியில் படித்ததும் பொருளாதாரமும் அரசியலும்தான். இதை நம் தோழர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

மறைக்காமல் பேசுவோம்

ஃபிட்டர் தோழரிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் கெட்டிக்காரர். "பெவனும் அம்பேத்கரும் சரி தோழர். என் மகன் மூன்று வருஷம் கழித்துச் சம்பளம் கொண்டுவருவானா?" என்றார்.

நியாயமான கேள்வி. பட்டம் வாங்கிய கையோடு வேலை வீட்டு வாசலில் காத்திருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். அப்படிச் சொல்கிறவன் ஏமாற்றுக்காரன். சர்க்கார் தேர்வுகள் உண்டு, ஆசிரியர் வேலை உண்டு, வங்கி உண்டு, சட்டப் படிப்பு உண்டு. எல்லாவற்றுக்கும் போட்டியும் உண்டு. மூன்றாண்டு ஒரு கூலி குறையும் என்பதும் உண்மை. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று 2022இல் புதுமைப்பெண் திட்டமும், பையன்களுக்கு 2024இல் தமிழ்ப் புதல்வன் திட்டமும் தொடங்கப்பட்டன. அந்த ஆயிரம் பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் வரும், கூலிக்கு ஈடாகாது.

கல்லூரிகளிலும் குறை இருக்கிறது. நிரந்தர ஆசிரியர் இல்லாமல் கௌரவ விரிவுரையாளர்களைக் கொண்டு வகுப்பை ஓட்டும் துறைகள் இருக்கின்றன. அந்த விரிவுரையாளரும் ஒரு தொழிலாளிதான், அவருக்கும் பணி நிரந்தரம் இல்லை! அதற்காக யாரிடம் சண்டை போடவேண்டுமோ அவர்களிடம் நாம் சண்டை போடுவோம், ஆட்சி யாருடையதானாலும் சரி. கல்லூரி சரியில்லை என்று பிள்ளையைத் தடுத்து நிறுத்துவது மட்டும் வேண்டாம்.

ஏனென்றால் எதிர்த்தரப்பில் யார் உட்காருகிறார்கள் என்று பாருங்கள். பேச்சுவார்த்தை மேசையில் அவர்கள் பக்கம் சட்டம் படித்தவர், கணக்கு படித்தவர், தொழில் உறவு படித்தவர். 2020இல் நாடாளுமன்றத்தில் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு நிறைவேறியதே, ஆட்குறைப்புக்கும் ஆலை மூடலுக்கும் அரசின் முன் அனுமதி கேட்கவேண்டிய ஆலையின் அளவை 100 பேரிலிருந்து 300 பேராக்கினார்களே, அந்த எண்ணை எழுதியவர்கள் யாரும் லேத் பட்டறையிலிருந்து போனவர்கள் அல்ல. 299 பேர் வேலை பார்க்கும் ஆலையில் உள்ள தோழருக்கு அந்த ஒரு எண் என்ன செய்யும் என்று யோசியுங்கள்.

மறுநாள் மாலை மகனையும் அழைத்துக்கொண்டு வந்தார். ஒல்லியான பையன், அதிகம் பேசவில்லை. அலமாரியிலிருந்து சங்கத்தின் பழைய ஊதிய ஒப்பந்த நகல் ஒன்றை எடுத்துக் கொடுத்து, படித்துப் பார் தம்பி என்றேன். டீ வந்து ஆறியது. பையன் பக்கங்களைத் திருப்பிக்கொண்டே இருந்தான். பிறகு பஞ்சப்படிப் பத்தியில் விரலை வைத்து, "இதில் எந்த மாதக் குறியீடு என்று போடவே இல்லையே, ஐயா?" என்றான்.

அப்பா சட்டைப் பையில் மூக்குக்கண்ணாடியைத் தேடினார். நானும் என்னுடையதை எடுத்துப் போட்டுக்கொண்டேன்.