சமைப்பது ஓர் ஊரில், சாப்பிடுவது வேறு ஊரில்

காரைக்குடி சமையல் காண்ட்ராக்டர் ஒருவர் சென்னையில் கல்யாண ஆர்டர் பிடித்தால் முதலில் பேசுவது அட்வான்ஸைத்தான். மாஸ்டருக்கும் சப்ளை ஆட்களுக்கும் கூலி பேசியாக வேண்டும். அண்டாவையும் அடுப்பையும் லாரியில் ஏற்ற வேண்டும், இல்லையென்றால் போன இடத்தில் வாடகைக்கு எடுக்க வேண்டும். முதல் பந்தி உட்காருவதற்குள் கைக்காசு பெரும்பாலும் கரைந்திருக்கும்.

வெளிநாட்டில் குத்துச்சண்டை நடத்தும் ப்ரமோட்டரின் பிழைப்பும் இப்படித்தான். அவருக்குக் கூடுதலாக ஒரு தொல்லை உண்டு. அவர் சமைப்பது ஓர் ஊரில். காசு கொடுத்துச் சாப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் கடல் தாண்டி இருக்கிறார்கள்.

மாஸ்டர் கூலியிலிருந்து தொடங்குவோம். 1974இல் டான் கிங் புது ப்ரமோட்டர். முகமது அலிக்கும் ஜார்ஜ் ஃபோர்மனுக்கும் தலைக்கு 50 லட்சம் டாலர் என்று பேசிக் கையெழுத்து வாங்கிவிட்டார். அந்தக் காலத்தில் அது கேள்விப்படாத கூலி. கையில் பணம் இல்லை. அதைத் தேடிப் பிறகுதான் கிளம்பினார். கொடுக்க முன்வந்தவர் ஜாயிர் நாட்டு அதிபர் மொபுட்டு. உலகமே தன் நாட்டின் பெயரை உச்சரிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. இந்த ஏற்பாட்டுக்குத் தொழிலில் ‘சைட் ஃபீ’ என்று பெயர். கல்யாண வீட்டுக்காரர் மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிடுவார். எத்தனை இலை விழுந்தது என்று காண்ட்ராக்டர் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம்.

இந்தத் தொகை இல்லாமல் வெளியூர் ஆர்டர் கட்டுப்படியாகாது. வீரர்களின் கூலி டாலரில். டிக்கெட் விற்பது உள்ளூர் நாணயத்தில். லாஸ் வேகாஸ் விலையை ஜாயிர் தலைநகர் கின்ஷாசாவில் வைத்தால் நாற்காலி காலியாகக் கிடக்கும். கின்ஷாசா விலை வைத்தால் அரங்கம் நிரம்பும், கூலியில் ஒரு மூலைக்குக்கூடக் காணாது.

அடுத்தது நேரம். கின்ஷாசாவில் மணி அடித்தது விடியற்காலை 4 மணிவாக்கில். நேரடி ஒளிபரப்பைப் பார்க்க அமெரிக்கத் தியேட்டர்களில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது இரவுக் காட்சி நேரம். மறு ஆண்டு மணிலாவில் அலியும் ஜோ ஃபிரேசியரும் மோதியது காலை பத்தே முக்காலுக்கு. பார்சல் போகிற ஊரின் பசியைப் பார்த்துத்தான் அடுப்பு மூட்ட வேண்டும். உள்ளூர்க்காரர் தூக்கம் கெட்டு வரட்டும், அவரை யார் கேட்டார்கள்!

உலை கொதிக்கும்போது முகூர்த்தம் தள்ளிப்போவதுதான் எல்லாவற்றிலும் கொடுமை. கின்ஷாசா சண்டைக்குச் சில நாள் இருக்கும்போது பயிற்சியில் ஃபோர்மனின் வலது கண்ணுக்கு மேலே கிழிந்தது. செப்டம்பர் 25ஆம் தேதி நடக்க வேண்டியது அக்டோபர் 30க்குப் போயிற்று. அதுவரை இரண்டு முகாம்களுக்கும் சாப்பாடு, தங்குமிடம், சம்பளம் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. சண்டையை ஒட்டி ஏற்பாடான இசை விழாவைத் தள்ளிப்போட வழியில்லை. ஜேம்ஸ் பிரௌனும் பி.பி. கிங்கும் வந்து பாடிவிட்டுப் போய்விட்டார்கள். எதிர்பார்த்த வெளிநாட்டுக் கூட்டம் வரவில்லை. எட்டாவது சுற்றில் ஃபோர்மன் விழுந்து சற்று நேரத்தில் அடைமழை கொட்டித் தீர்த்தது. முன்னமே பெய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பணம் போட்டவர்கள் நினைத்துப் பார்த்திருப்பார்கள்.

மக்காவ் வேறு கதை. அங்கே கல்யாண வீட்டுக்காரர் ஒரு சூதாட்ட விடுதி. டாப் ரேங்க் நிறுவனத்தின் பாப் ஆரம், 2013 ஏப்ரலில் சீனாவின் ஒலிம்பிக் நாயகன் ஸோ ஷிமிங்கை வெனிஷியன் விடுதி அரங்கில் தொழில்முறைச் சண்டைக்கு இறக்கினார். அதே ஆண்டு நவம்பரில் மேனி பாக்கியோவையும் பிராண்டன் ரியோஸையும் அங்கே மோதவிட்டார். சண்டை பார்க்க வரும் பெரும் பணக்காரர் எழுந்து நேரே சீட்டாட்ட மேஜைக்குப் போவார் என்பது விடுதியின் கணக்கு. வரிக் கணக்கு இன்னொன்று: அமெரிக்காவில் அப்போது மேல்மட்ட வருமான வரி 39.6 சதவீதம், மக்காவில் அதிகபட்சமே 12.

ஆனால் பாக்கியோ–ரியோஸ் சண்டைக்கு அமெரிக்காவில் பே-பெர்-வியூ விற்பனை ஏறத்தாழ 4,75,000தான் என்றார்கள். முந்தைய ஆண்டு பாக்கியோ–மார்க்கேஸ் சண்டைக்குப் பத்து லட்சத்துக்கு மேல். தூரத்து ஊரில் நடக்கும் சண்டைக்கு அமெரிக்காவில் பரபரப்பு எழவில்லை. சீனாவிலோ சண்டைக்கென்று தனியாகக் காசு கட்டிப் பார்க்கும் பழக்கமே ஊன்றியிருக்கவில்லை. பழைய வாடிக்கையும் குறைந்தது, புது வாடிக்கையும் சேரவில்லை. வரி மிச்சம் பிடித்த பாக்கியோ ஊர் திரும்பியதும் பிலிப்பைன்ஸ் வரித் துறை பழைய பாக்கி என்று சொல்லி அவர் வங்கிக் கணக்கை முடக்கியது தனிக் கூத்து! மறு ஆண்டிலிருந்து மக்காவ் சூதாட்ட வருமானம் சரிந்தது. ஸோவும் 2015இல் உலகப் பட்டச் சண்டையில் அதே அரங்கில் தோற்றார். இரண்டு தூணில் நின்ற பந்தல் அது. என் கணிப்பில் ஆரம் செய்த பிழை, ஸோ என்ற ஒரே வீரரை நம்பிச் சீனாவில் சந்தை கட்டப் பார்த்தது.

சில்லறைச் செலவுகளும் உண்டு: பட்டம் வழங்கும் அமைப்புக்குக் கட்டணம், நடுவர்களின் விமானச் சீட்டு, விசா, உள்ளூர் உரிமம், மருத்துவர். சிறிய ப்ரமோட்டரைச் சாய்ப்பவை பெரும்பாலும் இவைதான்.

இன்றைக்குப் பெரிய கல்யாண வீடு ரியாத். 2024 பிப்ரவரி 17இல் டைசன் ஃபியூரியும் ஒலெக்சாந்தர் உசிக்கும் மோதுவதாக இருந்தது. பயிற்சியில் ஃபியூரிக்கு வலது கண்ணுக்கு மேலே கிழிந்தது, ஃபோர்மனுக்குப் போலவே. சண்டை மே 18க்குத் தள்ளிப்போனது. இனி விலகுகிறவர் ஒரு கோடி டாலர் கட்ட வேண்டும் என்று ஏற்பாட்டாளர்கள் அறிவித்தார்கள். மூன்று மாதத் தாமதத்தைச் சவூதி அரசின் பணம் தாங்கிக்கொள்ளும். சொந்தக் காசிலோ கடன் வாங்கியோ நடத்துகிறவர் என்றால் இன்ஷூரன்ஸ் கம்பெனி வாசலில்தான் நிற்க வேண்டும்.